சுவரை எத்தனை அடி உயர்த்தலாம்?

மெட்ராஸ் ஹைகோர்ட் 1862-இல் தொடங்கியது. பாரிமுனையில் இன்று நாம் பார்க்கும் சிவப்புக் கட்டடம் அப்போது கிடையாது. அது 1892-இல்தான் வந்தது. கோர்ட் தொடங்கிய சில வருடங்களிலேயே, அந்த 1860களிலேயே, ஒரு ஜன்னல் சண்டை அங்கே வந்து சேர்ந்துவிட்டது. கோமதி – குருநாத பிள்ளை வழக்கு என்று அதற்குப் பெயர். அந்தக் காலத்து ஹைகோர்ட் தீர்ப்புத் தொகுதிகளில் மூன்றாவது தொகுதியில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் திறந்த ஜன்னலால் என் வீட்டு மறைப்பு போய்விட்டது என்பதுதான் அடிப்படைக் கேள்வி.

கோர்ட் சொன்ன பதிலின் சாரம் இதுதான். ஒருவர் தன் சுவரில் ஜன்னல் திறப்பது சட்டப்படி குற்றமும் இல்லை, பரிகாரம் கேட்கக்கூடிய தவறும் இல்லை. பார்வை படுவது உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் உங்கள் நிலத்தில் நீங்களே ஏதாவது கட்டி மறைத்துக்கொள்ளலாம்.

அதாவது, சுவரை உயர்த்திக்கொள்.

மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் பக்கத்தில் புது ஃபிளாட் எழும்பும்போதெல்லாம் நம் வயதுக்காரர்கள் இன்றும் இதையேதான் யோசிக்கிறோம். காம்பவுண்டு சுவரை இன்னும் மூன்றடி ஏற்றலாமா, அதற்கு பர்மிஷன் வேண்டுமா என்று. வங்கியில் கடன் பிரிவில் பல வருடம் சொத்துப் பத்திரங்களைப் படித்தே காலம் தள்ளியவன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. அதோடு என் வீட்டிலேயே இந்தப் பிரச்சினை வந்தது. இரண்டையும் சேர்த்து எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் பழைய வீடுகளைப் பற்றி. கபாலீசுவரர் கோவிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளிலும் சித்திரக்குளத்தை ஒட்டிய தெருக்களிலும் இருந்த அந்தக் காலத்து வீடுகளுக்குக் காம்பவுண்டு சுவரே கிடையாது. உங்களில் பலர் அப்படிப்பட்ட வீட்டில்தான் பிறந்திருப்பீர்கள். தெருவை ஒட்டித் திண்ணை. திண்ணைக்கு அப்புறம் நடை, அதாவது ரேழி. பிறகு கூடம், நடுவில் முற்றம், சமையலறை, கடைசியில் கொல்லை, கிணற்றடி. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே பொதுச் சுவர். அதில் ஜன்னல் வைக்க வழியே இல்லை. வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாக மேலேயிருந்து வந்துவிடும்.

அந்த வீட்டில் மறைப்பு என்பது உயரத்தில் இல்லை, ஆழத்தில் இருந்தது. தபால்காரர் திண்ணையோடு நின்றுவிடுவார். தெரிந்தவர் ரேழி வரை வருவார். உறவுக்காரர் கூடத்தில் உட்காருவார். கிணற்றடிக்கு வீட்டு மனிதர்கள் மட்டும். யாருக்கு எதுவரை என்பதை வீட்டின் நீளமே சொல்லிவிடும். அநேகமாக எல்லாம் தரைத்தள வீடு அல்லது ஒரு மாடி. கொல்லைச் சுவர் ஆள் உயரம் இருந்தால் போதும், வேறு எதுவும் தேவைப்படவில்லை.

இதை ரொம்பவும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் முடியாது. கொல்லைப்புறச் சந்து வழியாகத்தான் கழிவை அள்ளுபவர்கள் வந்து போனார்கள். அவர்களுக்கு வாசல் பக்கம் வர அனுமதி இல்லை. நம் வீட்டு ஆழம் நமக்கு மறைப்பாக இருந்தது, அவர்களுக்கு அதுவே தடையாக இருந்தது. குப்பத்தில் ஓலைக் குடிசையில் இருந்த பெண்களுக்கோ ஆழமும் இல்லை, சுவரும் இல்லை. நாலு கீற்றுத் தட்டியை நிறுத்தி, விடிவதற்குள் குளித்து முடிக்க வேண்டியிருந்தது. மறைப்பு என்பது அந்த நாளிலும் இடம் உள்ளவர்களுக்குத்தான்.

இப்போது கோர்ட்டுக்குத் திரும்பலாம். மெட்ராஸ் சொன்ன பதில் இந்தியா முழுவதும் ஒப்புக்கொண்ட பதில் இல்லை என்பதுதான் இதில் சுவாரஸ்யம்.

அடிப்படை இங்கிலாந்துச் சட்டம். அங்கே 1865-இல் டாப்ளிங் – ஜோன்ஸ் என்ற வழக்கு பிரபுக்கள் சபை வரைக்கும் போனது. ஜோன்ஸ் தன் கட்டடத்தில் பழைய ஜன்னல்களை மாற்றிப் புது ஜன்னல்களும் வைத்தார். டாப்ளிங் எல்லாவற்றையும் மறைத்து உயரமாகச் சுவர் எழுப்பினார். புது ஜன்னல் திறப்பது தவறில்லை, பக்கத்து நிலக்காரர் தன் நிலத்தில் கட்டி அதை மறைப்பதும் தவறில்லை, ஆனால் பல வருடமாக வெளிச்சம் வாங்கிவந்த பழைய ஜன்னலை மறைக்கக்கூடாது என்று முடிவானது. டாப்ளிங்கின் சுவர் தோற்றது. இந்த மூன்று விஷயத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குஜராத்தில் வேறு மாதிரி. அங்கே பழைய ஊர் வழக்கப்படி, பக்கத்து வீட்டின் அந்தரங்கமான பகுதியைப் பார்க்கிற மாதிரி ஜன்னல் வைக்கக்கூடாது. பம்பாய் ஹைகோர்ட் அந்த வழக்கத்தை 1860களிலேயே ஏற்றுக்கொண்டது. அலகாபாத்தில் 1888-இல் கோகுல் பிரசாத் – ராதோ வழக்கு வந்தது. புதிதாகக் கட்டிய வீட்டின் தாழ்வாரமும் கதவுகளும் தன் வீட்டுப் பெண்கள் புழங்கும் பகுதியை நோக்கி இருக்கின்றன என்று வழக்கு. தலைமை நீதிபதி சர் ஜான் எட்ஜ் விரிவான தீர்ப்பு எழுதினார். இங்கிலாந்தில் இப்படி ஓர் உரிமை இல்லாமல் இருக்கலாம், ஆனால் இந்த நாட்டில் பர்தா வழக்கம் இருக்கிறது, அந்த வழக்கத்தினாலேயே இப்படி ஓர் உரிமை உண்டாகும் என்பது அவர் முடிவு. நாட்டின் பழக்கத்தைப் பார்த்துச் சட்டத்தைச் சொன்னார்.

இரண்டுக்கும் நடுவில் 1882-இல் ஈஸ்மென்ட் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் முதலில் எல்லா மாகாணங்களுக்கும் வரவில்லை. மெட்ராஸ், மத்திய மாகாணங்கள், குடகு ஆகியவற்றுக்குத்தான் முதலில் வந்தது. பம்பாய்க்கும் வடமேற்கு மாகாணங்களுக்கும் 1891-இல்தான் போனது. அதன் 18-ஆவது பிரிவு ஊர் வழக்கத்தால் வரும் உரிமைகளைப் பற்றியது. அதற்கு உதாரணமாகச் சட்டத்திலேயே ஒரு கற்பனை ஊரைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஊர் வழக்கப்படி, பக்கத்து வீட்டாரின் மறைப்பைக் கெடுக்கிற மாதிரி யாரும் புது ஜன்னல் வைக்க முடியாது. ஒருவருக்கொருவர் அந்தக் கட்டுப்பாடு உண்டு.

ஆக, ஜன்னலைத் தடுக்கும் வழக்கம் செல்லும் என்று உதாரணத்தோடு சொல்லும் சட்டம் முதலில் வந்தது நம் மாகாணத்துக்கு. ஆனால் அந்த வழக்கத்தைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது குஜராத்திலும் அலகாபாத்திலும். மெட்ராஸ் அசையவில்லை. 1890களில் வந்த இன்னொரு வழக்கிலும் பழைய பதிலே கிடைத்தது. வழக்கம் இருந்தால் நிரூபி, இல்லையென்றால் ஜன்னல் இருக்கட்டும், உன் நிலத்தில் நீ மறைத்துக்கொள்.

ஏன் இப்படி என்பதற்கு என் எண்ணத்தைச் சொல்கிறேன். வடக்கே பர்தா பல சாதியாருக்கும் மதத்தாருக்கும் பொதுவாக இருந்தது, அதனால் வழக்கம் என்று காட்டுவது சுலபம். இங்கே கோஷா வழக்கம் சில குடும்பங்களோடு சரி. நம் பாட்டிமார்கள் திண்ணையில் உட்கார்ந்து தெருவையே விசாரித்தவர்கள். அதோடு, பொதுச் சுவர் வீட்டில் ஜன்னலே இல்லாதபோது ஜன்னலைப் பற்றி ஊர் வழக்கம் எங்கிருந்து வரும்? நான் பார்த்த பழைய பாகப் பத்திரங்களில் நடைபாத்தியம் எழுதியிருக்கும், கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் பாத்தியம் எழுதியிருக்கும், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்றுகூட எழுதியிருக்கும். பார்வையைப் பற்றி ஒரு வரியும் நான் பார்த்ததில்லை. எழுத வேண்டிய தேவை இருந்ததில்லை.

அந்தத் தேவை மனை வீடுகளோடு வந்தது. 1920-இல் மெட்ராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில வருடங்களில் மாம்பலத்துப் பக்கம் இருந்த நீண்ட ஏரியை வற்றவைத்து தி.நகரை அமைத்தார்கள். சர் பிட்டி தியாகராயர் பெயரில் ஊர், பனகல் அரசர் பெயரில் பூங்கா. அகலத் தெரு, தனித்தனி மனை, மனையின் நடுவில் வீடு. 1940களின் கடைசியில் அடையாறில் காந்தி நகரும் அதே மாதிரி வந்தது. பொதுச் சுவர் போயிற்று. வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் இடம் விட வேண்டும் என்றாயிற்று.

அந்த இடம் எதற்கு? காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் தீ பரவாமல் இருப்பதற்கும். மறைப்புக்காக இல்லை. சாதாரண மனையில் பக்கவாட்டில் ஐந்தடி விடுவோம், அவர்களும் ஐந்தடி விடுவார்கள். பத்தடி தூரத்தில் இரண்டு வீட்டு ஜன்னலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். சுகாதாரத்துக்காக வந்த இடைவெளி மறைப்பைத் தின்றுவிட்டது. பொதுச் சுவருக்குப் பதிலாக எல்லையில் ஒரு புதுச் சுவர் வேண்டியிருந்தது. காம்பவுண்டு சுவர் நம் வாழ்க்கைக்குள் வந்தது இப்படித்தான்.

ஆரம்பத்தில் அதுகூட அவ்வளவு உயரம் இல்லை. அடையாறில் ஐம்பது அறுபதுகளில் பாதி வீட்டுக்கு மருதாணிச் செடியும் செம்பருத்தியும்தான் வேலி. சில வீடுகளில் மூங்கில் படல். செங்கல் சுவர் கட்டியவர்கள் நாலடி, நாலரையடி கட்டினார்கள். மாமிகள் சுவருக்கு இருபுறமும் நின்று கறிவேப்பிலை கொடுத்து வாங்குவதற்கு அந்த உயரம் சௌகரியம். திருட்டு பயம் வந்தபோது சுவர் உச்சியில் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்தார்கள். அப்போதும் உயர்த்தவில்லை.

எழுபதுகளில் எல்லாம் மாறியது. 1971-இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், பிறகு எம்.எம்.டி.ஏ. என்று நாம் சொல்லிப் பழகிய, இப்போது சி.எம்.டி.ஏ. ஆன பெருநகர வளர்ச்சிக் குழுமம். அதே சமயத்தில் ஃபிளாட் கட்டும் வியாபாரமும் சூடு பிடித்தது. ஒரு மனையில் ஒரு வீடு இருந்த இடத்தில் ஆறு வீடு, எட்டு வீடு. கீழே கார், மேலே ஜனங்கள். அதுவரை பக்கவாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த பார்வை மேலேயிருந்து வர ஆரம்பித்தது.

எங்கள் அடையாறு வீட்டின் பின்பக்க மனையில் சில வருடங்களுக்கு முன் மூன்று தளத்துக்கு ஃபிளாட் வந்தது. விதிப்படி இடம் விட்டுத்தான் கட்டினார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் சமையலறை ஜன்னல்களும் துணி உலர்த்தும் பால்கனிகளும் எங்கள் கொல்லையைப் பார்த்து அமைந்தன.

என்னோடு என் அக்கா இருக்கிறாள். எண்பதைத் தாண்டியவள். அத்திம்பேர் போன பிறகு எங்களோடு வந்துவிட்டாள். கொல்லைதான் அவள் ராஜ்ஜியம். விடிகாலையில் கிணற்றடியில் குளியல், துளசி மாடம், தலை உலர்த்திக்கொண்டு வெயிலில் ஒரு மணி நேரம், வடாம் காயவைப்பது, காக்காயோடு பேச்சு. ஃபிளாட்டில் குடிவந்த ஒரு மாதத்தில் இதெல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோனது. யாரும் எதுவும் சொல்லவில்லை, முறைத்துப் பார்க்கவும் இல்லை. மேலே யாரோ காப்பி டம்ளரோடு நிற்பார்கள், அவ்வளவுதான். அக்கா உள்ளே பாத்ரூமில் குளித்துவிட்டு அறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் நடை குறைந்ததையும் பேச்சு குறைந்ததையும் பார்த்த பிறகுதான் எங்களுக்குக் காரணம் புரிந்தது.

உடனே எனக்கும் தோன்றியது மெட்ராஸ் ஹைகோர்ட் சொன்ன பதில்தான். சுவரை உயர்த்திவிடலாம். எங்கள் பின்சுவர் ஐந்தடி. எட்டடியாக்கலாம் என்று நினைத்தேன்.

முறைப்படி செய்ய வேண்டும் என்று வார்டு அலுவலகத்தில் விசாரித்தேன். மனை வரைபடம், பட்டா நகல், சொத்து வரி ரசீது எல்லாம் கொண்டுவரச் சொன்னார்கள். இத்தனைக்கும் அது என் மனையில் என் செலவில் எழும் சுவர். எதற்கு இவ்வளவு என்று அப்போது அலுப்பாகத்தான் இருந்தது. இரண்டு மூன்று தடவை அலைந்தேன். நடுவில் ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டினேன். அவர் உளியால் இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார்.

“இது நாலரை இஞ்ச் சுவர், ஸார். நடுவுல பில்லரும் இல்ல. கீழ மணலு. இது மேல மூணடி ஏத்தினா ஒரு புயலுக்குத் தாங்காது. ஏத்தணும்னா மொத்தமா இடிச்சுட்டு அஸ்திவாரத்துலேர்ந்து வரணும்” என்றார்.

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது எங்கள் பக்கத்தில் மரங்களோடு சுவர்களும் விழுந்து கிடந்ததைப் பார்த்தவன் நான். அவர் சொன்னதை மறுக்க முடியவில்லை.

அன்று ராத்திரி ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். இதைத்தான் எல்லோரும் போட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வருகிறேன். பின் வீடு எங்கள் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தளம் பத்தடி, அடிப்பீடம் இரண்டடி, நிற்பவரின் கண் தரையிலிருந்து ஐந்தடி. அப்படியானால் முதல் மாடியில் நிற்பவரின் கண் பதினேழு அடி உயரத்தில் இருக்கும். இரண்டாம் மாடி என்றால் இருபத்தேழு அடி.

ஐந்தடிச் சுவர் இருக்கும்போது இரண்டாம் மாடிக்காரருக்கு எங்கள் பக்கத்தில் தெரியாமல் இருப்பது சுவரை ஒட்டிய சுமார் ஓரடித் தரை. சுவரை எட்டடியாக்கினால் இரண்டடித் தரை. மூன்றடி சுவர் ஏற்றி ஓரடி மறைப்பு சம்பாதிக்கிறேன். முதல் மாடிக்காரருக்கு இரண்டடியாக இருந்தது நாலரை அடியாகும். எங்கள் கிணறு சுவரிலிருந்து பதினைந்து அடியில் இருக்கிறது. கிணற்றடித் தரையை முதல் மாடியிலிருந்து மறைக்க வேண்டுமென்றால் பதின்மூன்று அடிச் சுவர் வேண்டும். இரண்டாம் மாடியிலிருந்து மறைக்க இருபது அடி வேண்டும்.

இருபது அடிச் சுவர். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு மேட்டுப்பாளையம் ஞாபகம் வந்தது. நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். 2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடிகாலையில், பெருமழையில், மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு தனியார் வீட்டின் சுற்றுச்சுவர் இடிந்து அடுத்திருந்த ஓட்டு வீடுகள்மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்துபோனார்கள். தலித் குடும்பங்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. சுமார் இருபது அடிச் சுவர் அது. எங்களைப் பிரித்து வைக்கக் கட்டிய தீண்டாமைச் சுவர் என்று அந்த மக்கள் சொன்னார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்னால், 2014 ஜூலையில், நம் ரெட்ஹில்ஸை அடுத்த எடப்பாளையத்தில் ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் மழையில் இடிந்து, பக்கத்தில் குடிசை போட்டிருந்த கூலித் தொழிலாளர்கள் 11 பேர் போனார்கள்.

இரண்டு இடத்திலும் சுவர் கட்டியவர் பக்கம் விழவில்லை. அந்தப் பக்கம் விழுந்தது. என் மனை, என் செலவு, என் சுவர் என்று நான் முணுமுணுத்ததற்குப் பதில் இதில் இருக்கிறது. ஓர் அளவுக்கு மேல் போகும் சுவர் கட்டடம்தான். அதன் கனமும் காற்றும் மழைத்தண்ணீரும் பக்கத்து வீட்டுக்காரரின் உயிர் சம்பந்தப்பட்டவை. அலுவலகத்தில் கேட்ட காகிதங்களுக்கு அர்த்தம் இருக்கிறது. அதைச் சரியாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்களா என்பது வேறு விஷயம்.

சட்டத்தில் இன்னொரு கட்டும் இருக்கிறது. டாப்ளிங்கின் சுவர் தோற்றது ஞாபகம் இருக்கிறதா? நம் ஈஸ்மென்ட் சட்டத்தின் 15-ஆவது பிரிவும் அதே வழிதான். ஒரு ஜன்னல் இருபது வருடம் இடையூறில்லாமல் வெளிச்சமும் காற்றும் வாங்கிவந்தால் அதற்கு உரிமை பிறந்துவிடும். அதைப் பெரிய அளவில் பாதிக்கிற மாதிரி நாம் சுவர் எழுப்ப முடியாது. ஆனால் திறந்த நிலத்துக்கு வரும் வெயிலுக்கும் காற்றுக்கும் அப்படி உரிமை பிறக்காது என்று 17-ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் சுவரால் என் ரோஜாத் தோட்டத்துக்கு வெயில் போச்சு என்று ஒருவர் வந்தால் அது பலிக்காது. என் பழைய அறை இருட்டாகிவிட்டது என்றால் கேட்க வேண்டிவரும். சட்டம் வெளிச்சத்தைக் காப்பாற்றுகிறது. மறைப்பைக் காப்பாற்றுவதை நம்மிடம் விட்டுவிட்டது.

2017-இல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பு இதை மாற்றவில்லையா என்று சிலர் கேட்கலாம். ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி ஆதார் விஷயமாகப் போட்ட வழக்கு அது. ஆகஸ்டு 24-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். மிகப் பெரிய தீர்ப்பு. ஆனால் அடிப்படை உரிமை முதன்மையாக அரசாங்கத்தை நோக்கிக் கேட்பது. பின் வீட்டு பால்கனியை நோக்கிக் கேட்பது இல்லை. நம் காகிதங்களை அரசாங்கம் எவ்வளவு பார்க்கலாம் என்பதற்கு வரம்பு வந்தது. கிணற்றடிக்கு கோமதி – குருநாத பிள்ளை காலத்துப் பதிலே நிற்கிறது. அந்தப் பதில் ஒரு மாடி வீடுகளின் காலத்தில் சொல்லப்பட்டது. அப்போது சுவரை உயர்த்தினால் மறைந்தது. இப்போது மறையாது.

கடைசியில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். விண்ணப்பத்தைக் கொடுக்கவில்லை. கணக்குப் போட்ட காகிதத்தை அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

“எத்தனை அடிடா கட்டுவே? அவா இன்னும் ஒரு மாடி எடுத்தா என்ன பண்ணுவே? கிணத்தடிக்கு மேலே ஒரு பந்தலைப் போடு, போறும்” என்றாள்.

மேலேயிருந்து வரும் பார்வையை மேலேதான் தடுக்க வேண்டும். அது எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது. முற்றத்து வீட்டில் வாழ்ந்தவள் இல்லையா? நாலு சவுக்குக் கழி, குறுக்கே மூங்கில், கொஞ்ச நாளைக்குப் பச்சை வலை. அவரையும் சங்குபுஷ்பமும் ஏறின பிறகு வலையை எடுத்துவிட்டோம். மொத்தச் செலவு சுவருக்கு மேஸ்திரி சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. கழி கனமில்லாதது, விழுந்தாலும் எங்கள் பக்கமே விழும்.

இன்னொன்றும் செய்தேன். ஃபிளாட் செக்ரட்டரியைப் போய்ப் பார்த்தேன். புகாராகச் சொல்லவில்லை. வீட்டில் வயதானவள் இருக்கிறாள், வெளியே வரக் கூச்சப்படுகிறாள் என்று மட்டும் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் மாடியில் இருக்கும் பெண் அம்மாவோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். “அங்கிள், எங்களுக்கும் சங்கடமாத்தான் இருந்தது. ஜன்னலைத் திறந்தா உங்க வீடுதான் தெரியுது, எங்க பார்க்கறதுன்னே தெரியலை” என்றாள். ஜன்னலின் கீழ்ப்பாதிக்குப் பால்வண்ணக் கண்ணாடித் தாள் ஒட்டிவிட்டார்கள். வெளிச்சம் வரும், பார்வை போகாது. இரண்டாம் மாடிக்காரர்கள் பால்கனியில் மூங்கில் தட்டி தொங்கவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்கும் ஒரு மறைப்பு வேண்டியிருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எல்லாருக்கும் இப்படி நல்லபடியாக அமையும் என்று சொல்ல மாட்டேன். சுமுகமில்லாத அண்டைவீட்டாரும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் சுவர்தான் வழி என்றால் கட்டுங்கள். ஆனால் அதற்கு முன் சில விஷயங்களைப் பாருங்கள். பழைய சுவர் நாலரை இஞ்சா ஒன்பது இஞ்சா, நடுவில் பில்லர் உண்டா, தண்ணீர் வெளியேற அடியில் துளை உண்டா என்று தெரிந்த ஆளை வைத்துப் பாருங்கள். எதிர்ப்பக்கத்து ஜன்னலுக்கு இருபது வருடம் ஆகிவிட்டதா என்று விசாரியுங்கள். உங்கள் பகுதியில் எத்தனை அடிக்கு மேல் அனுமதி தேவை என்பதை லைசென்ஸ் உள்ள சர்வேயர் மூலம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது. எல்லாவற்றுக்கும் முன்னால் மாடியின் உயரத்தையும் சுவரின் தூரத்தையும் ஒரு காகிதத்தில் வரைந்து, எந்த இடம் மறைகிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த முக்கோணக் கணக்குதான், அரை மணி நேரம்கூட ஆகாது.

இந்த வருடம் எங்கள் பந்தலில் அவரை நன்றாகக் காய்த்திருக்கிறது. அக்கா காலையில் ஏழு மணிக்கே கிணற்றடிக்குப் போய்விடுகிறாள்.